எழுத்து இருந்தும் படிக்க முடியாத பக்கங்கள்



இன்று கைபேசியில் 'அம்மா' என்று தட்டினால், கடல் கடந்து இருக்கும் பேரனுக்கும் அது 'அம்மா' என்றே போய்ச் சேருகிறது. இதில் என்ன அதிசயம் என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். 1990-களின் கடைசியில் தமிழ் இணையப் பக்கம் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். படம் வரும், தலைப்புப் பட்டை வரும், தமிழ் மட்டும் வராது.

காரணம் எளிது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அன்றைய முறையில் மொத்தமே 256 இடங்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதியில் நம் 247 எழுத்துகளை எப்படி உட்கார வைப்பது? கால், கொம்பு, விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினார்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வைத்துவிட்டன. பாமினியில் அடித்த 'அம்மா' உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். அம்மாவைக் காணோம்!

ஒவ்வொரு நாளிதழுக்கும் ஓர் எழுத்துரு. அதைத் தரவிறக்கி, கண்ட்ரோல் பேனலில் போட்டு, உலாவியில் என்கோடிங் பட்டியலைத் திறந்து 'யூசர் டிஃபைண்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் சரியாகும், அடுத்த தளம் கெட்டுப்போகும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு எழுத்துருவைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கும் ஒரு வசதி வந்தது. அதிலும் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை.

இதைச் சரிசெய்ய முதலில் உழைத்தவர்களில் ஒருவர் நம் இனத்தவர், அதாவது ஆசிரியர். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997-ல் அங்கே தமிழ் இணைய மாநாடும் கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியீடுகளும் அங்கே பிறந்தவை. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டை உருவாக்கியிருந்தார்கள். கல்யாணசுந்தரம் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியில் வந்தன. இரு தரப்பும் நல்ல மனத்தோடு செய்த வேலைதான். ஆனாலும் ஒரே வகுப்புக்கு இரண்டு பாடப்புத்தகம் கொடுத்தது போல ஆயிற்று என்பது என் கருத்து.

யூனிகோடு 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்திருந்தது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த கணினி வேண்டுமே! விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துரு வந்தது. எக்ஸ்பியில் ஒரு கட்டத்தை டிக் செய்து, கேட்கும்போது குறுந்தகட்டைப் போட வேண்டும். அந்தத் தகடு பெரும்பாலும் கணினி விற்றவரின் கடையில் இருக்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டின்போது.

அதன் பிறகும் கோளாறு தீரவில்லை, உருவம் மாறியது. வைத்தியர் நாடி பார்ப்பது போல இதற்கும் அறிகுறி உண்டு. வரிக்கு வரி தலைக்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வந்தால், எழுத்து பத்திரமாக இருக்கிறது, பக்கத்தின் குறியீட்டைத் தவறாக அறிவித்திருக்கிறார்கள். வெறும் கட்டங்கள் வந்தால் உங்கள் கணினியில் எழுத்துரு இல்லை. வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் ஆபத்து. சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது, எந்த மருந்தும் கிடையாது.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றுவதும் நேர் வேலை இல்லை. பழையதில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் பிடித்துச் சேர்க்க வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இந்த வேலையைச் செய்தது. ஆனால் அது அறிந்த எழுத்துருக்களுக்கு மட்டும்தான்.

இப்போது ஏன் இவ்வளவும் சொல்கிறேன் என்றால், 2003-ல் நம் பள்ளிப் பொன்விழா மலரை அடித்துக் கொடுத்த அச்சகம் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அச்சகம் மூடி வெகு காலமாகிறது. நூலகப் பிரதியைக் கறையான் தின்று முதல் 16 பக்கங்கள்தான் மிஞ்சின. குறுந்தகட்டில் முழு மலரும் இருக்கிறது, குப்பைக் குறிகளாக. மிஞ்சிய பக்கங்களைக் கோப்போடு எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டுவிட்டேன். மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் படிக்க வருகின்றன. ஜ, ஷ, ஹ மூன்றும் அந்த 16 பக்கங்களில் எங்குமே இல்லை. ஆகவே யார் எழுதியது என்பதுதான் பல இடங்களில் பிடிபடவில்லை.

அந்த மலருக்கு எழுதியவர்களில் பெயரில் இந்த எழுத்துகள் உள்ளவர்கள், உங்கள் கட்டுரைத் தலைப்பை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். கிணற்றுக்குள் விழுந்த பள்ளி மணியைப் பற்றி எழுதியது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.