சவேரியாரோடு வந்த மூணு பேர்

குலசேகரன்பட்டினம்னு சொன்னா இப்போ ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு முத்தாரம்மன் கோயில் தசரா. இன்னொண்ணு 2024ல் அடிக்கல் நாட்டின ராக்கெட் ஏவுதளம். ஆனா பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தக் கரையில் வந்து இறங்கினவங்க கதை ஒண்ணு இருக்கு. அதுக்கு குலசையிலிருந்து கொஞ்சம் தெற்கே, மணப்பாடு வரைக்கும் போகணும்.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். முதலில் கால் வைத்தது மணப்பாட்டில்தான் என்பது ஊர்க்காரங்க சொல்லிவரும் வழக்கு. அவர் தங்கினதா சொல்ற குகை கடலோரத்தில் இன்னும் இருக்கு.

அவர் லிஸ்பனில் கப்பல் ஏறியது 1541 ஏப்ரல் 7. கோவா சேர்ந்தது 1542 மே 6. பதிமூணு மாசம்! காரணம் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று ஓயுறதுக்குள்ள ஆப்பிரிக்கக் கரையை விட்டுக் கிளம்பினாத்தான் இந்தியா வந்து சேரலாம். தவறவிட்டா அடுத்த பருவம் வரைக்கும் காத்துக் கிடக்கணும். சவேரியாரும் மொசாம்பிக்கில் மாசக்கணக்கில் கிடந்தார், நோயாளிகளைக் கவனிச்சுக்கிட்டே. காய்கறி, பழம் இல்லாம ஈறு வீங்கிச் செத்தவங்க அந்தக் கடல்வழியில் ஏராளம்.

இதெல்லாம் புத்தகங்களில் விலாவாரியா இருக்கு. எனக்கு மனசில் நின்னது வேற. கோவாவிலிருந்து அவர் தனியா வரலை. அங்கே கல்லூரியில் படிச்ச மூணு இளைஞர்கள் கூட வந்தாங்க. மூணு பேரும் இந்தக் கரையில் பிறந்தவங்க. தமிழும் போர்ச்சுகீசும் தெரிஞ்சவங்க. அவருக்கு இது அந்நியக் கரை. அவங்களுக்கோ வீடு திரும்பல்.

அவங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? முத்துக்குளிப்புத் தகராறில் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டு, 1530களிலேயே பரதவ மக்கள் ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க. ஆனா சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வந்த சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களைக் கூட்டிவச்சு, மாசக்கணக்கில் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழாக்கினார். அதை மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாப் போய்ச் சொன்னார்.

அதிலும் ஒரு பிழை! 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டுவிட்டார்கள். 1544ல் தன் உதவியாளர் மான்சில்லாசுக்கு எழுதின கடிதத்தில் அதைத் திருத்தச் சொல்றார். 'நம்புகிறேன்' சொல்ல வேண்டிய சனம் அதுவரைக்கும் 'வேணும், வேணும்'னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு :-)

படிச்சதும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் தோணிச்சு, இந்தப் பிழையைக்கூட அவர் தானா கண்டுபிடிச்சிருக்க முடியாது. தமிழ் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் அவர்கிட்ட தைரியமா, "சாமி, இது தப்பு"ன்னு சொல்லியிருக்கணும்.

சவேரியார் பேரில் எங்க பக்கம் கோயில், பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் இருக்கு. வீட்டுக்கு ஒரு சேவியரும் இருப்பார். அந்த மூணு பேர் பெயரைக் கேட்டா சொல்ல ஆளில்லை. மணப்பாட்டுக் குகைக்குப் போனா, அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க.