ஒற்றைப் பயணமாகிய இரு பயணங்கள்: கொலராடோ ஆற்று ஆய்வும் அதன் எழுத்துப் பதிவுகளும்

அறியப்படாத நிலங்களைக் காணச் சென்றோரின் நாட்குறிப்புகளை வரலாற்றாய்வாளர் முதன்மைச் சான்றாகக் கொள்வது மரபு. எனினும், ஒரு பதிவின் தலைப்பில் நாளும் இடமும் காணப்படுவதனாலேயே அஃது அந்நாளில் அவ்விடத்தில் எழுதப்பட்டதாகிவிடாது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் பயணம் குறித்து ஜான் வெஸ்லி பவல் எழுதிய நூல் இதற்குத் தக்க சான்றாகும்.

உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டு ஷைலோ களத்தில் வலக்கையை இழந்தவர் பவல். அவர் 1869 மே 24 அன்று வயோமிங் பகுதியிலுள்ள கிரீன் ரிவரிலிருந்து ஒன்பது துணைவருடன், பத்து மாத உணவை நான்கு படகுகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஜூன் மாதத்தில் லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. அதில் சென்ற ஓரமெல் ஹவ்லண்ட், அவர்தம் தம்பி செனிகா, ஃபிராங்க் குட்மன் ஆகிய மூவரும் உயிர் தப்பினர். குட்மன் ஜூலையில் விலகினார். ஆகஸ்டு 28 அன்று, கிராண்ட் கேன்யனின் கீழ்ப்பகுதியில், ஹவ்லண்ட் உடன்பிறந்தாரும் வில்லியம் டன்னும் குழுவைப் பிரிந்து வடபுற மலைச்சுவரில் ஏறினர். இரு நாள்களில் எஞ்சிய அறுவர் வர்ஜின் ஆறு கலக்குமிடத்தை அடைந்தனர். பிரிந்த மூவரும் மீளவில்லை.

பவல் 1871இல் வேறொரு குழுவுடன் மீண்டும் அவ்வாற்றில் இறங்கினார்; அப்பயணம் 1872 செப்டம்பரில் கேனப் ஓடையருகே முடிந்தது. 1874இல், நாடாளுமன்ற நிதிக்குழுவிலிருந்த கார்ஃபீல்டு பயண வரலாற்றை வெளியிட வேண்டுமென வற்புறுத்தினார் எனப் பவலே பின்னர்க் கூறியுள்ளார். மறு ஆண்டு அந்நூல் அரசு அறிக்கையாக வெளிவந்தது. 1869ஆம் ஆண்டின் நாட்குறிப்பாக, நிகழ்காலத்தில் நடக்கும் அந்நூலில் இரண்டாம் பயணத்தின் நிகழ்ச்சிகளும் கலந்துள்ளன. ஆனால் இரண்டாம் குழுவினர் பெயர்கள் இல்லை. முதற்பயணத்தில் புகைப்படக் கலைஞர் எவரும் செல்லவில்லை என்பதும் இங்குச் சுட்டத்தக்கது.

இதனினும் நுட்பமான சான்று ஒன்றுண்டு. செங்குத்தான பாறையில் ஏறுங்கால் மேலும் கீழும் நகர வழியின்றி ஒற்றைக் கையால் தொங்கிய பவலை, ஜார்ஜ் பிராட்லி தம் நீண்ட உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டுக் காப்பாற்றினார். பவலின் நூல் இதனை ஜூன் 18இல் எக்கோ பார்க் என்னுமிடத்தில் வைக்கிறது. பிராட்லியோ, பிறர் அறியாமல் எழுதிவந்த தம் நாட்குறிப்பில், ஜூலை 8இல் டெசலேஷன் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததாகக் குறிக்கிறார். அக்குறிப்பு 1947இல்தான் அச்சேறியது. நிகழ்ச்சி மெய், அதன் நாளும் இடமும் கதையோட்டத்திற்கேற்ப மாற்றப்பட்டன எனலாம். சாகச நூலுக்கு இது பொறுக்கத்தக்க உரிமையே. அரசு அறிக்கைக்கும் அவ்வுரிமை உண்டா என்பது வேறு வினா.

பிரிந்துசென்ற மூவரைப் பொறுத்தவரை இவ்வினா கடுமையாகிறது. ஓரமெல் ஹவ்லண்டும் எழுத்தாளரே. பயணத்தின் இடையில் அவர் விடுத்த மடல்கள் டென்வர் நாளிதழில் வெளிவந்தன. பிரியும்போது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஆவணப் படி அவர்களுடனேயே மறைந்தது. உணவுக் குறைவும் முன்னிருந்த நீர்ப்பாய்ச்சலின் அச்சமுமே பிரிவுக்குக் காரணம் என்கிறது பவலின் நூல். தலைவருடன் ஏற்பட்ட பூசலே காரணம் எனச் சம்னரும் ஹாக்கின்ஸும் முதுமையில் கூறினர். அக்கூற்றுகள் ஸ்டான்டன் தொகுத்து 1932இல் வெளிவந்த நூலில் உள்ளன. பல்லாண்டு கழித்து, மனக்கசப்புடன் கூறப்பட்ட அவற்றையும் அப்படியே ஏற்க இயலாது. அன்றன்றே எழுதிய பிராட்லியின் குறிப்பு அத்தகைய பெரும்பூசல் எதனையும் காட்டவில்லை.

மூவரையும் ஷிவ்விட்ஸ் பழங்குடியினர் தவறாக அடையாளங்கண்டு கொன்றனர் என்பது, 1870இல் ஜேக்கப் ஹாம்பிலின் மொழிபெயர்ப்பின் வழியே பவல் பெற்ற செய்தி. அம்மக்கள் தரப்பில் எழுதப்பட்ட பதிவு ஏதும் இல்லாதிருக்க, பழி மட்டும் அச்சில் நிலைத்தது. மூவரின் உடல்கள் கண்டெடுக்கப்படவில்லை.

பவலே தம் நூலில் அவர்களைக் கடிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு சாராரும் மற்றவர் வழியே ஆபத்தானது எனக் கருதியதாக எழுதினார். ஆயினும், கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் 1918இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில், முதற்பயணத்தார் பெயர்களிடையே அம்மூவர் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. பின்னாளில் அவர்கள் பிரிந்த ஆற்றங்கரையில் தனியே ஒரு பட்டயம் பதிக்கப்பட்டது. அதில் மூவர் பெயர்களும் உள்ளன. பழங்குடியினரால் கொல்லப்பட்டனர் என்னும் செய்தியும் உடனுள்ளது.