பணிக்கொடையும் வருமான வரியும்

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பணி ஓய்வின்போது கிடைக்கும் தொகைகளை ஒரே தட்டில் வைக்கவில்லை. மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தைச் சம்பளமாகவே கருதி வரி விதித்தது. மொத்தமாகக் கைக்கு வரும் பணத்துக்கு மட்டும் சலுகை காட்டியது. அதிலும் அரசு ஊழியரின் பணிக்கொடைக்கு முழு விலக்கு. தனியார் ஊழியருக்கோ உச்சவரம்பு.

பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. ஒவ்வொரு பணியாண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்பது அதன் கணக்கு. மாதச் சம்பளத்தை 30ஆல் அல்ல, 26ஆல் வகுப்பதால் தொழிலாளிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். உச்சவரம்பு 2010இல் 3.5 லட்சத்திலிருந்து 10 லட்சமாகவும், 2018இல் 20 லட்சமாகவும் உயர்ந்தது.

ஈட்டிய விடுப்பைப் பணமாக்குவதில் அநீதி நெடுநாள் நீடித்தது. அரசின் மிக உயர்ந்த அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயாக இருந்த காலத்தில், 2002இல், தனியார் ஊழியருக்கு நிர்ணயித்த 3 லட்ச வரம்பு, சம்பளங்கள் பன்மடங்கு ஏறிய பிறகும் அசையவில்லை. 2023இல்தான் அது 25 லட்சமானது.

வருங்கால வைப்பு நிதியில் அரசு கைவைத்தபோது எதிர்ப்பு உடனே கிளம்பியது. எடுக்கும் தொகையில் 60 சதவீதத்துக்கு வரி என்ற 2016 பட்ஜெட் யோசனை, சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. 2021இல் அரசு வேறு வழியில் வந்தது: ஊழியர் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் செலுத்தினால், அந்தக் கூடுதல் தொகைக்கான வட்டிக்கு வரி. பெரும்பாலோரைத் தொடாத அந்த விதி நிலைத்துவிட்டது.