த்ரீ நாட் த்ரீயின் போல்ட்டும் ராஸ் துப்பாக்கியின் கதையும்

அறுபதுகளில் கல்லூரியில் படித்தவர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். சீனப் போருக்குப் பிறகு 1963ல் என்.சி.சி. கட்டாயமானது. காக்கி உடுப்பு, கஞ்சி போட்ட தொப்பி, பரேடு முடிந்து கிடைக்கும் டிபன் இவற்றோடு சேர்த்து, கிட்டத்தட்ட நாலு கிலோ எடையுள்ள லீ-என்ஃபீல்டு துப்பாக்கியும் எங்கள் தோளில் ஏறியது.

நாங்கள் குண்டு சுட்டதைவிடத் துப்பாக்கியைத் துடைத்ததுதான் அதிகம். ‘கோல்னா, ஜோட்னா’ என்று உஸ்தாத் கட்டளையிடுவார். கழற்று, மாட்டு. முதலில் மேகசினையும் சேம்பரையும் பார்த்து, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு போல்ட்டைப் பின்னால் இழுத்து, அதன் தலையை மேலே நிமிர்த்தி, மொத்தமாக உருவி எடுக்க வேண்டும். போல்ட் தலையின் முகம், காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கி, பூட்டும் காதுகள் ஆகியவற்றைத் துணியால் துடைத்து லேசாக எண்ணெய் தடவுவோம். குழலுக்குப் புல்த்ரூ கயிறும் ‘சிந்தி’ என்ற ஃபிளானல் துண்டும். துடைக்க நாலுக்கு இரண்டு அங்குலம், எண்ணெய்க்கு நாலுக்கு ஒன்றரை. உள்ளே இருக்கும் ஸ்ட்ரைக்கரைக் கழற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. அதற்குத் தனிக் கருவி உண்டு. அது ஆர்மரரின் வேலை.

மாட்டுவதற்கு முன் போல்ட் கைப்பிடியில் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் போட்டால், தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மாறிவிடும். இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை கிழியக்கூடும்.

சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றுவதும் உண்டு. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் மருந்து வெடித்ததும் ஒருவகை உப்பு குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பது, வேலையில் சேர்ந்த பின் முதல் உலகப்போர் வரலாறு படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அதில் என் மனதில் நின்றது கனடாவின் ராஸ் துப்பாக்கியின் கதை.

போயர் போரின்போது கனடா லீ-என்ஃபீல்டு கேட்டது; பிரிட்டனால் கொடுக்க இயலவில்லை. சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு தன் வடிவமைப்போடு முன்வந்தார். க்யூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. லீ-என்ஃபீல்டில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். ராஸில் நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். போல்ட் தலை உள்ளுக்குள் தானே சுழன்று பூட்டிக்கொள்ளும். இலக்குச் சுடும் போட்டிகளில் அது பரிசுகளை அள்ளியது.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை விட்டபோது கனடியர்கள் கையில் இருந்தது இந்த ராஸ்தான். சேறும், அளவில் சற்றே பெரிதாக இருந்த பிரிட்டிஷ் தோட்டாக்களும் சேர்ந்து போல்ட் இறுகிக்கொண்டது. வீரர்கள் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். அந்தச் சண்டையில் தப்பிய சுமார் 5000 கனடியர்களில் 1452 பேர் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சுத்தம் செய்யக் கழற்றிய ராஸ் போல்ட்டைத் தவறாகவும் பொருத்த முடியும். அப்படிப் பொருத்தினாலும் அது உள்ளே போகும், மூடும், சுடவும் செய்யும், ஆனால் பூட்டியிருக்காது. சுட்டவர் முகத்தை நோக்கியே போல்ட் பின்னால் பாயும். லீ-என்ஃபீல்டில் கைப்பிடி கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் பூட்டியது தெரியும். ராஸில் கைப்பிடியைப் பார்த்து அதை அறிய முடியாது. பின்னாளில் சில துப்பாக்கிகளில் ஒரு ரிவெட் அடித்து, தவறாக மாட்ட முடியாதபடி செய்தார்கள். ஒரு சிறு ரிவெட்! அதை முதலிலேயே அடித்திருக்கலாமே என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் ராஸை விட்டுக்கொடுக்கவே இல்லை. குறை சொன்ன படைத்தலைவர் ஆல்டர்சனோடு மோதினார். 1916ல் ஆல்டர்சன் பதவி இழந்தார். அதே ஆண்டில் ராஸும் களத்திலிருந்து விலக்கப்பட்டது. குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர்கள் மட்டும் அதை விடவில்லை. பொறுமையாகத் துடைத்து, தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாகச் சுடுபவருக்கு அது அருமையான துப்பாக்கிதான்.

லீ-என்ஃபீல்டோ வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் சுதந்திரத்துக்குப் பிறகும் தயாரானது. அறுபதுகளில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியபோதும் அடிப்படை அமைப்பு அதேதான். நம் ஊர் போலீஸ்காரர் தோளில் எத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்திருப்போம்! அது அழகான துப்பாக்கி என்று யாரும் சொன்னதில்லை. களைத்துப்போன சாதாரணச் சிப்பாய் இருட்டிலும் சேற்றிலும் கழற்றித் துடைத்து மாட்டினாலும் அது வேலை செய்தது. அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.