நுண்ணுயிர் அரிமானம்

நுண்ணுயிர் அரிமானம் என்பது பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களின் செயற்பாட்டினால் உலோகங்களின் அரிமானம் தொடங்குவது அல்லது விரைவுபடுவது ஆகும். பெரும்பாலும் இந்நுண்ணுயிர்கள் உலோகத்தின் மேற்பரப்பில் நிலவும் வேதிச் சூழலை மாற்றி, வழக்கமான மின்வேதி அரிமானத்தைத் தூண்டுகின்றன. நிலத்தடிக் குழாய்கள், எண்ணெய்த் தொட்டிகள், கப்பல்கள், குளிர்விப்பு நீர் அமைப்புகள் ஆகியவற்றில் இது காணப்படுகிறது.

உயிர்ப்படலம்

நீர் படும் உலோகத்தின் மீது ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர்கள், தாம் சுரக்கும் பசை போன்ற பொருளினுள் கூட்டமாக வாழ்கின்றன. இப்படிவு உயிர்ப்படலம் எனப்படும். மேலடுக்கில் உள்ளவை ஆக்சிசனைப் பயன்படுத்திவிடுவதால், அடியில் ஆக்சிசன் குறைகிறது. அப்பகுதி நேர்மின்வாயாகவும், ஆக்சிசன் மிகுந்த சுற்றுப்பகுதி எதிர்மின்வாயாகவும் செயற்படுகின்றன. நேர்மின்வாயில் உலோகம் கரைகிறது. எனவே மேற்பரப்பு சீராகத் தேயாமல், ஆங்காங்கே ஆழமான குழிகள் தோன்றுகின்றன. சராசரித் தடிப்பு அதிகம் குறையாத குழாயிலும் துளை விழுவதற்கு இதுவே காரணம்.

முக்கிய நுண்ணுயிர்கள்

* சல்பேட்டு ஒடுக்கும் பாக்டீரியாக்கள் (எ. கா: டெசல்போவிப்ரியோ): ஆக்சிசன் அற்ற இடங்களில் சல்பேட்டை ஐதரசன் சல்பைடாக மாற்றுகின்றன. இது இரும்புடன் சேர்ந்து கரிய இரும்பு சல்பைடைத் தருகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் இதன் அறிகுறி.
* இரும்பை ஆக்சிசனேற்றும் பாக்டீரியாக்கள் (எ. கா: கலியோனெல்லா): குழாய்களின் உட்புறத்தில் துரு மேடுகள் உருவாகத் துணைபுரிகின்றன.
* கந்தகத்தை ஆக்சிசனேற்றும் பாக்டீரியாக்கள் (எ. கா: அசிடிதயோபேசில்லசு): கந்தக அமிலத்தை உண்டாக்குகின்றன.

ஆய்வு வரலாறு

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிசன் மிகக் குறைவு. இருப்பினும் அங்கு புதைக்கப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் அரிக்கப்பட்டன. இதற்கு 1934 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபொன் வொல்சோகன் கூர், வான் டெர் ஃபுளுக்ட் ஆகியோர் விளக்கமளித்தனர். இரும்பின் மேற்பரப்பில் உருவாகும் ஐதரசனைச் சல்பேட்டு ஒடுக்கும் பாக்டீரியாக்கள் பயன்படுத்துவதால் அரிமானம் தொடர்கிறது என்பது அவர்களின் கருத்து. இவ்விளக்கம் மட்டும் போதாது எனப் பின்னர் அறியப்பட்டது. சில இனங்கள் இரும்பிலிருந்து நேரடியாக எதிர்மின்னிகளைப் பெறக்கூடும் என்பதை 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது.

எடுத்துக்காட்டுகள்

* 2015 அக்டோபரில் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுச் சேமிப்பகத்தில், 1953 இல் தோண்டப்பட்ட கிணறு ஒன்று உடைந்தது. கசிவு ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்து, சுமார் 1,00,000 டன் மீத்தேன் வெளியேறியது. நிலத்தடி நீர் பட்ட உறைக்குழாயின் வெளிப்புறத்தில் ஏற்பட்ட நுண்ணுயிர் அரிமானமே காரணம் என 2019 இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.
* 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் துருவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாக்டீரியா, 2010 இல் ஆலோமோனாசு டைட்டானிக்கே எனப் பெயரிடப்பட்டது.

தடுப்பு முறைகள்

குழாய்களில் நீரைத் தேங்கவிடாமை, படிவுகளை அடிக்கடி அகற்றுதல், பாதுகாப்புப் பூச்சு, எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு, நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியன பயன்படுகின்றன. உயிர்ப்படலத்தினுள் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லிகள் எளிதில் அடைவதில்லை. ஆகவே கொல்லிகளுடன் படிவுகளை அகற்றுவதும் இன்றியமையாதது.