விசைன்னா என்ன கண்ணு?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் போனால் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் பெரிய வளாகம் வரும். பல வருடம் பஸ்ஸில் அதைக் கடந்துதான் போய்வந்தேன். நான் படித்தது அங்கே இல்லை, ஓர் அரசுப் பள்ளியில். ஆனாலும் நான் இயற்பியலைத் தமிழில் படித்ததற்கும் அந்த வளாகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வித்யாலயத்தை 1930இல் தொடங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்கும் வேலை அவர் காலத்தில் வேகம் பிடித்தது. தமிழில் பாடம் நடத்துங்கள் என்று உத்தரவு போட்டுவிடலாம். கரும்பலகை முன்னால் நிற்கிற வாத்தியாருக்குச் சொல் வேண்டுமே? 1946இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தில் இறங்கியது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. முதன்மை ஆசிரியர் பெ. தூரன். கணிதம் படித்தவர், இதே வித்யாலயத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். அந்தப் பெரிய வேலைக்கு ஒரு பள்ளி வாத்தியார் போனார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொல் பிடிபடாத பையனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் சார், "விசைன்னா என்ன கண்ணு?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. "விசைத்தறின்னு சொல்றீங்கள்ல, அதுல விசை எதுக்குங்க?" கடைசி பெஞ்சில் தறிக்காரர் மகன் எழுந்து, "கையில இழுக்காம மோட்டார் இழுக்குதுங்க சார்" என்றான். "அவ்வளவுதான் சாமி, நியூட்டன் அதைத்தான் கணக்காப் போட்டார்." அன்றிலிருந்து அவன் முன் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

கல்லூரியில் முதல் நாள் ஒரு விரிவுரையாளர், "தமிழ் மீடியம் எல்லாம் கை தூக்குங்க" என்றார். உதவி செய்யத்தான் கேட்டிருப்பார். ஆனால் தூக்கிய கையை இறக்கியதும் வகுப்பு இரண்டாகிவிட்டது. அந்த வருடம் முழுக்க நான் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. விடை தெரியும், இங்கிலீஷில் வாக்கியம்தான் வராது.

கோவை அரசு கலைக் கல்லூரியில் 1960இலேயே தமிழ்வழிப் பட்டப்படிப்பைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் வர 2010 ஆகிவிட்டது. எங்கள் பக்கம் லேத்திலும் பவுண்டரியிலும் வேலை செய்கிறவர்கள் எந்திரத்தைப் பற்றித் தமிழில்தான் பேசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் அதே எந்திரத்தைப் படிக்கப் போனால் ஊமையாகிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் தமிழில் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. புரியாத தமிழ்ச் சொல்லும் பிள்ளையை வெளியே தள்ளும். 'இந்தப் பாடம் உன்னுதுதான்' என்று வாத்தியார் சொல்கிறாரா, இல்லையா என்பதுதான் விஷயம். அது அவர் எடுக்கிற சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

போன மாதம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு டெட்லாக் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு மணி நேரம் இங்கிலீஷில் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், "ஒத்தச் சந்துல ரெண்டு வண்டி எதிரெதிரே வந்து நின்னுருச்சு, யாரும் ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்கறாங்க" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப மொதல்ல யாருங்ணா பின்னாடி எடுக்கோணும்?"

அன்று அவன் கேட்ட முதல் கேள்வி அது.