நடக்காத கோல்களின் வரலாறு

2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிப் போட்டியில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று சேது எஃப்.சி. கோப்பையைக் கைப்பற்றியது. மதுரை அணி என்று ஊரார் சொன்னாலும், அதன் பின்னிருக்கும் பொறியியல் கல்லூரி நிற்பது நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியை அடுத்த புல்லூரில். தேநீர்க் கடைப் பேச்செல்லாம் கோல் அடித்தவர்களைப் பற்றியே இருந்தது. எதிரணி ஏறி வந்தபோது மறித்து நின்ற பெண்கள் யார் என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. கேட்ட நமக்கும் தெரிந்திருக்கவில்லை.

தடுப்பாட்டக்காரரின் வரலாறு எழுதுவதற்குக் கடினமானது. கோல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு நிமிடக் கணக்கு உண்டு, அடித்தவர் பெயர் உண்டு. விழாமற்போன கோலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பின்களத்தில் நிற்பவர் பெயர் செய்தியில் வருவது பெரும்பாலும் அவர் தவறிய நாளில்தான்.

இந்த நியதியை எண்ணிக்கையின் பலத்தாலேயே உடைத்தவர் ஒருவர் உண்டு. அவர் நம் ஊர்க்காரர் அல்லர். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்து லெப்ட் பேக் ஜான் ட்ரோலப். 1943 ஜூன் 14 அன்று அந்நகரை ஒட்டிய ராட்டன் என்னும் கிராமத்தில் பிறந்தவர். 1960 ஆகஸ்டில், 17 வயதில், ஸ்விண்டன் டவுன் கிளப்புக்காக முதல் லீக் ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டம் 1980இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அந்த ஒரே கிளப்புக்காக 770 லீக் ஆட்டங்கள். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் வரலாற்றில் ஒரே கிளப்புக்காக அத்தனை ஆட்டங்கள் ஆடியவர் வேறொருவர் இல்லை. அதற்கு முன் போர்ட்ஸ்மத் கிளப்பின் ஜிம்மி டிக்கின்சன் 764 ஆட்டங்களோடு முதலிடத்தில் இருந்தார். டிக்கின்சன் இங்கிலாந்து தேசிய அணிக்காக 48 முறை ஆடிய புகழாளர். ட்ரோலப் தேசிய அணியில் ஒரு முறைகூட ஆடியதில்லை. முதல் டிவிஷனிலும் ஒரு ஆட்டம் ஆடியதில்லை.

அன்றைய ஃபுட்பால் லீக் நான்கு டிவிஷன்களாக இருந்தது. ட்ரோலப் சேர்ந்தபோது ஸ்விண்டன் மூன்றாவதில் இருந்தது. 1963இல் இரண்டாவதற்கு ஏறி, 1965இல் இறங்கி, 1969இல் மீண்டும் ஏறி, 1974இல் மீண்டும் இறங்கியது. மனிதர் அசையாமல் நிற்க, அவர் நின்ற தரைதான் ஏறி இறங்கியது.

பெயரைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களுக்கு வேறொரு ட்ரோலப் நினைவுக்கு வந்திருப்பார்: 47 நாவல்கள் எழுதிய அந்தோணி ட்ரோலப். அஞ்சல் துறை உத்தியோகத்தில் இருந்துகொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை முன்வைத்து, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எண்ணி எழுதியவர். அவர் மறைவுக்குப் பின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் இந்தக் கணக்கைத் தாமே சொல்லியிருந்தார். அதன் பின் விமர்சகர்களிடையே அவருடைய மதிப்புச் சரிந்தது. தவறாமல் வேலைக்கு வருகிறவனைக் கலைஞன் என்று ஒப்புக்கொள்ள உலகம் தயங்குகிறது. (நம் சிற்றிதழ் உலகமும் இதற்கு விலக்கல்ல. எழுதாமல் இருந்தே பெரும்பெயர் பெற்றோர் நம்மிடையே உண்டு.)

ஸ்விண்டன் ஒரு தொழில் ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனை 1843இல் அங்கே திறக்கப்பட்டது. அதைச் சுற்றியே நகரம் வளர்ந்தது. தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் கல்கத்தா சென்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியை வேறொரு ஊராக மாற்றியதை அறிந்த நமக்கு, ஒரே தொழில் ஓர் ஊரின் பேச்சையும் நடையையும் எப்படிச் செதுக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின், ‘ஈவினிங் ஸ்டார்’, ஸ்விண்டன் பணிமனையிலிருந்து வெளிவந்தது 1960 மார்ச்சில். ஐந்து மாதம் கழித்து அதே ஊர் மைதானத்தில் ட்ரோலப் இறங்கினார்.

அப்போதைய மேலாளர் பெர்ட் ஹெட், பணம் கொடுத்து ஆள் எடுப்பதைவிட உள்ளூர்ப் பையன்களை நம்பியவர். அவர் வளர்த்தவர்களில் மைக் சம்மர்பீ 1965இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் இங்கிலாந்து அணி வரை உயர்ந்தார். எர்னி ஹன்ட்டும் அதே ஆண்டில் வெளியேறினார். டான் ரோஜர்ஸ் 1972இல் கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார். வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் ஊதியம் கூடாது என்ற விதி 1961 ஜனவரியிலேயே நீங்கிவிட்டது. திறமையுள்ளவன் விலை பேசலாம் என்ற காலம் அது. ட்ரோலப் மட்டும் இருந்தார். 1961 முதல் 1968 வரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 368 ஆட்டங்கள் ஆடினார். 1968 ஆகஸ்டில் கை முறிந்த பிறகுதான் அத்தொடர் நின்றது. ஏழு ஆண்டுகளில் காய்ச்சல் வந்திருக்காதா, கணுக்கால் வீங்கியிருக்காதா? நம் கல்லூரியின் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டோம்.

முறிந்த கை கூடிய பருவத்தில்தான் அவர் வாழ்வின் பெரிய நாள் வந்தது. 1969 மார்ச் 15, வெம்பிளி மைதானம், லீக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரே முதல் டிவிஷன் ஆர்சனல். சில மாதங்களுக்கு முன் குதிரைக் காட்சி நடந்து குலைந்திருந்த புல்தரை, மழையும் சேர்ந்து, சேறாகக் கிடந்தது. ரோஜர் ஸ்மார்ட் ஸ்விண்டனுக்கு முதல் கோல் அடித்தார். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் பாபி கூல்ட் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் டான் ரோஜர்ஸ் இரண்டு கோல் அடிக்க, 3-1 என்று மூன்றாம் டிவிஷன் அணி கோப்பையை வென்றது. அந்த நாளைப் பற்றிப் பேசுவோர் ரோஜர்ஸைப் பற்றியே பேசுவர், அது நியாயமும்கூட. ஆயினும் தொண்ணூறு நிமிடங்களும் அதற்கு மேல் அரைமணி நேரமும் ஆர்சனல் ஒரே கோலோடு நின்றதற்குக் காரணம், கோல்கீப்பர் டவுன்ஸ்பரோவும் அவருக்கு முன் நின்ற நால்வரும். அந்த நால்வரில் இடக்கோடி ட்ரோலப்.

லீக் கோப்பையை வென்ற கிளப்புக்கு ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைப்பது வழக்கம். மூன்றாம் டிவிஷன் அணி என்ற காரணத்தால் ஸ்விண்டனுக்கு அது மறுக்கப்பட்டது. கீழ் வரிசைக்காரன் வென்றாலும் பந்தியில் அமர முடியாது என்னும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

இவ்விடத்தில் நம் மண்ணைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தை வெளியுலகம் அறிவது இரு வழிகளில்: தீபாவளி நெருங்கினால் விற்பனைச் செய்தி, இல்லையேல் வெடி விபத்துச் செய்தி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் எத்தனையோ ஆலைகளில் மருந்து கலந்தவர்கள் அளவு தவறாமல் கலந்து, உராய்வு நேராமல் சலித்து, மாலையில் பஸ் ஏறி வீடு திரும்பினார்கள். அந்த நாளுக்குத் தேதி உண்டு, வரலாறு இல்லை. மருந்து அறையில் முப்பது ஆண்டு விபத்தின்றி வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம், மறக்க முடியாத நாள் எது என்று ஒருமுறை கேட்டோம். நெடுநேரம் யோசித்து, “அப்படி ஒண்ணும் நடக்கலியே சார்” என்றார். பேட்டி எடுக்கப் போன நமக்கு அன்று ஏமாற்றமாயிருந்தது. அவர் சொன்னது எவ்வளவு பெரிய சாதனை என்று உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

ட்ரோலப்புக்கு 1978இல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது அளித்தது. 1981இல் அதே கிளப்புக்கு மேலாளரானார். ஆடிய காலத்தில் மூன்றாவதற்குக் கீழே போகாத ஸ்விண்டன், அவர் மேலாளராக இருந்த 1982இல் வரலாற்றிலேயே முதன்முறையாக நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. களத்தில் நின்று மறிப்பவருக்குக் கோட்டுக்கு வெளியே நின்று மறிக்கும் வித்தை கைவரவில்லை போலும். 1983இல் அப்பதவியும் போனது. அதன் பின்னும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. அதே கிளப்பின் இளையோர் அணிக்குப் பயிற்சியளிக்கத் திரும்பினார்.

ரயில் பணிமனை 1986இல் மூடப்பட்டது. மகன் பால் ட்ரோலப்பும் கால்பந்து ஆட்டக்காரரானார். வேல்ஸ் தேசிய அணிக்காக ஆடினார், தந்தைக்குக் கிட்டாத மேல் வரிசை ஆட்டத்தையும் கண்டார். பல கிளப்புகளுக்கு ஆடிய அவர், ஸ்விண்டனுக்காக மட்டும் ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை.